கரியும் சாம்பலும்: வடசென்னையில் கருத்த அந்துப்பூச்சியைத் தேடலாமா?

1. கேள்வி

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் விலங்கியல் எடுத்தவர்கள் ஓர் அந்துப்பூச்சியைக் கடந்துதான் வந்திருப்பார்கள். பிஸ்டன் பெட்டுலேரியா என்பது அதன் பெயர். லைக்கன் படர்ந்த மரத்தண்டில் வெளிறிய பூச்சி கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டியிருக்கும். கரி படிந்த தண்டில் கருத்த பூச்சி மறைந்திருக்கும். இங்கிலாந்தின் ஆலைப்புகை மரங்களைக் கருக்கியது, பறவைகள் வெளிறியவற்றைப் பொறுக்கித் தின்றன, கருத்தவை பெருகின. தொழிற்சாலை மெலானிசம் என்ற தலைப்பில் இயற்கைத் தேர்வுக்குச் சொல்லப்படும் முதன்மையான சான்று இது.

இந்தப் பாடத்தை எண்ணூர், திருவொற்றியூர், மணலிப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017 மார்ச் இறுதியில் மூடப்பட்டது. 1990களின் நடுவில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டம் 630 மெகாவாட் திறனோடு வந்தது; பிறகு 1,200 மெகாவாட் இரண்டாம் கட்டம் சேர்ந்தது; வல்லூரில் 1,500 மெகாவாட் நிலையம் எழுந்தது. மணலியில் 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நடக்கிறது. இவ்வளவுக்கும் நடுவில் உட்கார்ந்து மான்செஸ்டரின் புகையைப் பற்றி மனப்பாடம் செய்யும் ஒரு மாணவிக்கு இயல்பாகவே ஒரு கேள்வி எழும். அப்படியானால் நம் ஊர்ப் பூச்சிகளும் கருத்திருக்க வேண்டாமா?

நல்ல கேள்வி. ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் பின்னிக்கிடக்கின்றன. மாசு படிந்த இடத்தில் பூச்சியின் நிறம் மாறுமா என்பது ஒன்று. மாறினால் கருப்பாகத்தான் மாறுமா என்பது மற்றொன்று. முதலாவதை ஆராயலாம், ஆராயவும் வேண்டும். இரண்டாவதில் மான்செஸ்டரை அப்படியே எண்ணூருக்குத் தூக்கி வரும் பிழை ஒளிந்திருக்கிறது. இரண்டையும் பிரித்தெடுப்பதே இக்கட்டுரையின் வேலை.

2. மான்செஸ்டர் சொன்னது

பிஸ்டன் பெட்டுலேரியா ஜியோமெட்ரிடே குடும்பத்தைச் சேர்ந்தது. உலகில் ஏறத்தாழ 24,000 இனங்கள் கொண்ட பெரிய குடும்பம் அது. இக்குடும்பத்துப் புழுக்களுக்கு முன்னால் மூன்று இணை மெய்க்கால்கள் உண்டு. வயிற்றுப் பகுதியில் பெரும்பாலும் பின்கோடியில் மட்டும் இரண்டு இணைக் கால்கள். நடுவுடலைத் தாங்கக் காலில்லாததால் பின்பகுதியை இழுத்து முன்பகுதியோடு சேர்த்து, முதுகை வில்லாக வளைத்து, பிறகு நீட்டி நகரும். அப்படி நடப்பவற்றை நம் வேளாண் துறையினர் காவடிப்புழு என்பார்கள். தொட்டுவிட்டால் பின்கால்களால் கிளையைப் பற்றிக்கொண்டு உடலை விறைப்பாகச் சாய்த்து நிற்கும். பக்கத்தில் குனிந்து பார்த்தாலும் காய்ந்த குச்சி என்றே கண் சொல்லும். ஆக, மறைந்து வாழ்வது இந்தக் குடும்பத்துக்குப் புழுப் பருவத்திலிருந்தே தொழில்.

மான்செஸ்டரில் முதல் கருத்த பூச்சி பிடிபட்ட ஆண்டு 1848 என்று பதிவாகியிருக்கிறது. அதை எட்ல்ஸ்டன் 1864இல் எழுதினார். 1895 வாக்கில் அந்நகரத்தைச் சுற்றிப் பிடிபட்டவற்றில் 98 விழுக்காடு கருத்தவை. பறவைகள்தான் காரணம் என்ற விளக்கத்தை 1896இல் டட் முன்வைத்தார். 1924இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் கணக்குப் போட்டுப் பார்த்தார். அரை நூற்றாண்டுக்குள் இவ்வளவு பெரிய மாற்றம் நடக்க வேண்டுமானால், கருத்த பூச்சி வெளிறியதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டுச் சென்றிருக்க வேண்டும் என்று அவருக்கு விடை வந்தது. தேர்வு இத்தனை வலுவாக இருக்க முடியும் என்று அன்று யாரும் எதிர்பார்க்கவில்லை. இந்த ஹால்டேன்தான் 1957இல் இந்தியாவுக்குக் குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார். நம் பாடநூல்கள் அந்தப் பூச்சியை அறிமுகம் செய்யும்போது அவரையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம்.

கணக்குக்குக் களச்சான்று தேடியவர் பெர்னார்ட் கெட்டில்வெல். 1953இல் பர்மிங்காம் அருகே மாசடைந்த காட்டிலும், 1955இல் டார்செட்டின் மாசற்ற காட்டிலும் குறியிட்ட பூச்சிகளை விட்டுத் திரும்பப் பிடித்தார். பர்மிங்காமில் கருத்தவற்றில் 27.5 விழுக்காடும் வெளிறியவற்றில் 13 விழுக்காடும் திரும்பக் கிடைத்தன. டார்செட்டில் நிலை தலைகீழ்: வெளிறியவை 12.5, கருத்தவை 6.3. உலகப் பாடநூல்களுக்குள் இந்தப் பூச்சி நுழைந்தது இந்த எண்களின் வழியாகத்தான்.

ஆனால் என் பார்வையில் மான்செஸ்டர் கதையின் வலுவான பகுதி கெட்டில்வெல்லின் சோதனை அன்று. அதற்குப் பின்னால் நடந்த இறக்கம். பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் 1956இல் வந்தது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையான விர்ரலில் சிரில் கிளார்க் 1959 முதல் ஆண்டுதோறும் விளக்குப் பொறி வைத்து எண்ணினார். தொடக்கத்தில் பத்தில் ஒன்பதுக்கு மேல் கருத்தவை. 1990களின் நடுவில் ஐந்தில் ஒன்றுகூட இல்லை. புகை ஏறியபோது ஏறி, இறங்கியபோது இறங்கிய ஒன்றைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. இது தெரிய வந்ததற்குக் காரணம், ஒரே இடத்தில் ஒரே முறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒருவர் எண்ணிக்கொண்டே இருந்தார் என்பதுதான்.

3. சச்சரவும் அதன் பலனும்

1998இல் மைக்கேல் மஜெரஸ் எழுதிய மெலானிசம் பற்றிய நூல், கெட்டில்வெல் சோதனையின் குறைகளைப் பட்டியலிட்டது. இரவில் பறந்து தானே இடம் தேடி அமரும் பூச்சியைப் பகலில் மரத்தண்டில் வைத்தது ஒரு குறை. இயல்பைவிட நெருக்கமாக வைத்தது மற்றொன்று. பூச்சி பெரும்பாலும் தண்டில் அமர்வதே இல்லை என்ற பேச்சும் எழுந்தது. நூலைப் பற்றி ஜெர்ரி கோய்ன் எழுதிய மதிப்புரை இந்தச் சான்றையே கைவிட வேண்டியிருக்கும் என்ற தொனியில் அமைந்தது. 2002இல் ஜூடித் ஹூப்பரின் நூல் மோசடி நடந்ததோ என்ற ஐயத்தையே கிளப்பியது. பரிணாமத்தை மறுப்பவர்கள் இதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

மஜெரஸ் பதிலை மேடையில் தேடவில்லை, தோட்டத்தில் தேடினார். 2001 முதல் 2007 வரை கேம்பிரிட்ஜில் 4,864 பூச்சிகளைத் தாமே இடம் தேர்ந்துகொள்ளும்படி இரவில் விட்டு, காலையில் எவை காணாமல் போயின என்று கணக்கெடுத்தார். மரமேறித் தேடியும் பார்த்தார். அப்படிக் கண்ட 135 பூச்சிகளில் பாதி கிளைகளிலும், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தண்டிலும் இருந்தன. ஆகவே தண்டில் அமர்வதே இல்லை என்பது தவறு. தண்டில் மட்டுமே என்பதும் தவறு. கருத்தவை அங்கே வெளிறியவற்றைவிடக் கூடுதலாகப் பறவைக்கு இரையாயின. முடிவை எழுதி வெளியிடும் முன் 2009இல் அவர் இறந்தார். நண்பர்கள் 2012இல் வெளியிட்டார்கள். 2018இல் வால்டனும் ஸ்டீவன்சும் பறவையின் கண்ணுக்கு என்ன தெரியும் என்ற அளவையைக் கொண்டு மறுபடி சோதித்தபோது, வெளிறிய பூச்சிக்குத் தப்பும் வாய்ப்பு 21 விழுக்காடு கூடுதல் என்று கண்டார்கள்.

மரபணுச் சான்றும் இதே காலத்தில் வந்தது. இலிக் சாக்கெரியின் குழு 2016இல் கருமைக்குக் காரணமான மாற்றத்தைச் சுட்டியது: கார்டெக்ஸ் என்ற மரபணுப் பகுதிக்குள் இடம்பெயரும் டி.என்.ஏ. துண்டு ஒன்று நுழைந்திருக்கிறது. அது நுழைந்த காலம் ஏறத்தாழ 1819 என்று மதிப்பிட்டார்கள். 2024இல் அதே பகுதியிலிருந்து பிறக்கும் ஒரு நுண் ஆர்.என்.ஏ.தான் உண்மையில் நிறத்தை ஆள்கிறது என்ற ஆய்வும் வெளியாகிவிட்டது. எந்த மரபணு என்பதில் விளக்கம் நகர்ந்திருக்கிறது. கருமை பரம்பரையாக வருகிறது என்பதில் நகரவில்லை. எண்ணூரில் எதையாவது நிறுவ வேண்டுமானால் இந்தச் சச்சரவு கற்றுத் தந்த கட்டுப்பாடுகள் அனைத்தும் நமக்கும் பொருந்தும்.

4. வடக்கின் கருமை

பூச்சி கருக்கப் புகை மட்டுமே காரணம் என்று நினைத்தால் வடதுருவத்தை ஒட்டிய நாடுகள் நம்மைத் திருத்தும். அங்கே ஆலைகளே இல்லாத மலைச்சரிவுகளிலும் ஜியோமெட்ரிடே குடும்பத்தின் பூச்சிகள் மங்கிய கரும்பழுப்பாக இருக்கின்றன. இக்குடும்பத்துப் பூச்சிகளின் நிறத்தை அட்சரேகையோடு ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. வடக்கே போகப் போக நிறம் கருத்துக்கொண்டே போகிறது என்பது அதன் முடிவு. கருத்த உடல் வெயிலை வேகமாக உள்வாங்கும். குளிர்நாட்டில் அது ஆதாயம், சுடும் நாட்டில் சுமை. ஐரோப்பாவின் பட்டாம்பூச்சிகளையும் தும்பிகளையும் ஆராய்ந்து, வெப்பம் கூடும்போது வெளிறிய இனங்களுக்குச் சாதகம் அமைகிறது என்று 2014இல் மற்றொரு குழு எழுதியது.

வடக்கில் நன்கு அறியப்பட்ட இக்குடும்பப் பூச்சி எபிரிட்டா ஆட்டம்னேட்டா. இலையுதிர்காலத்தில் பறந்து, முட்டையாகவே பனிக்காலத்தைக் கழித்து, வசந்தத்தில் மலைப் பிர்ச் மரங்களின் தளிரைத் தின்னும். இதன் பெருக்கம் ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒருமுறை வரும். 1960களின் நடுவில் பின்லாந்தின் வடகோடியான உட்சியோக்கியில் இது வந்தபோது பிர்ச் காடு பரந்த அளவில் மொட்டையாகிச் செத்தது. துளிர்த்ததைக் கலைமான்கள் மேய்ந்ததால் பல இடங்களில் காடு திரும்பவே இல்லை. இதன் நெருங்கிய கூட்டாளி ஆபரோப்டெரா புரூமேட்டா. அதன் பெண்ணுக்குப் பறக்கும் சிறகே கிடையாது. பனிக்காலம் இளகிவரும் இந்நாட்களில் அதன் பெருக்கம் முன்பு எட்டாத வடகிழக்குப் பகுதிகளுக்கும் பரவிவிட்டது.

இதை இங்கே இழுத்து வருவதற்குக் காரணம் உண்டு. ஸ்காண்டிநேவிய மலைத்தொடரில் இப்பூச்சிகள் பெருகிய ஆண்டுகளை 1862இலிருந்து 1968வரை திரட்டி ஊல்லே டேனோவ் 1972இல் வெளியிட்டார். பத்தாண்டுச் சுழற்சி என்று உறுதியாகப் பேச முடிவது அந்தத் தொகுப்பின் பலத்தில்தான். மனிதர் அருகியே வாழும் பனிமலைக்கு ஒரு நூற்றாண்டுக் கணக்கு இருக்கிறது; வடசென்னைக்கு அப்படி ஒன்று இல்லை.

வடக்கின் கருமையிலிருந்து எண்ணூருக்குக் கிடைக்கும் பாடம் வேறு. வெப்பம் பூச்சியை வெளிறிய பக்கம் தள்ளுகிறது. சென்னைக் கடற்கரையின் மே மாதத்தை அறிந்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆகவே வடசென்னையில் கரி ஒரு பக்கம் இழுத்தால் வெயில் மறுபக்கம் இழுக்கும். குளிர்ந்த மான்செஸ்டரில் இந்த எதிர் இழுப்பு இல்லை.

5. கருக்காத இடங்கள்

தொழில் வளர்ந்த இடமெல்லாம் பிஸ்டன் பெட்டுலேரியா கருத்ததா? இல்லை. ஜப்பானில் இதே இனம் வாழ்கிறது. ஜப்பானின் ஆலைப்புகையும் ஒரு காலத்தில் பேர் போனது. ஆனால் அங்கே கருத்த வடிவம் தோன்றவில்லை என்று அசாமியும் புரூஸ் கிராண்டும் 1995இல் எழுதினார்கள். பூச்சி வாழும் மலைக்காடுகள் ஒரு பக்கம், ஆலைகள் மறுபக்கம். புகையும் பூச்சியும் சந்திக்காத இடத்தில் தேர்வுக்கு வேலை இல்லை. அமெரிக்காவின் மிச்சிகனிலோ கருத்தவை ஏறின, காற்று தூய்மையானதும் பிரிட்டனைப் போலவே இறங்கின. ஆனால் மரங்களின் லைக்கன் போர்வையில் அதற்கு ஈடான மாற்றம் தெரியவில்லை என்பதால், லைக்கன் மட்டுமே காரணம் என்ற பழைய விளக்கம் அங்கே தளர்ந்தது.

ஜப்பான் சான்று பாடநூல்களில் வருவதில்லை. வர வேண்டும். மாசு இருந்தாலே பூச்சி கருக்கும் என்ற எளிய வாய்ப்பாட்டை உடைக்க அது ஒன்றே போதும்.

6. ராயபுரம் ஒன்று, செப்பாக்கம் வேறு

வடசென்னையை ஒரே கரும்பட்டையாக நினைப்பது வழக்கமாகிவிட்டது. பூச்சியின் நிறத்தைப் பொறுத்தவரை அது பெரும் பிழை.

ராயபுரம் பக்கம் நெடுங்காலம் படிந்தது கரி. சென்னைத் துறைமுகத்தில் திறந்தவெளியில் நிலக்கரியும் இரும்புத்தாதும் கையாளப்பட்டன. கொடியில் காயும் வேட்டியிலிருந்து சமையற்கட்டுப் பாத்திரம் வரை கருந்தூள் படிவதாகச் சுற்றுவட்டார மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து அவற்றை எண்ணூர்த் துறைமுகத்துக்கு மாற்ற உத்தரவிட்டது. ராயபுரத்தின் கரி குறைந்தது. எண்ணூரின் சுமை கூடியது. அந்தச் சுமையைக் கேட்டு வாங்கியவர்கள் எண்ணூர் மீனவர்கள் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

எண்ணூர்க் கழிமுகத்தின் மேற்கே, செப்பாக்கத்தில் படிவது கரி அன்று. அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம் அந்த ஊரை ஒட்டிக் கிடக்கிறது. சாம்பல் குழம்பைக் கொண்டுபோகும் குழாய்கள் உடைந்து கொசஸ்தலை ஆற்றுப் படுகையிலும் சாம்பல் இறங்கியது. 2022இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரைக்கும் போன விவகாரம் இது. எரிந்து முடிந்த நிலக்கரியின் சாம்பல் கருப்பாக இருக்காது. காய்ந்தால் வெளிறிய சாம்பல் நிறம். காற்றடித்தால் மாவு போலப் பறக்கும்.

கழிமுகத்தோரத்து அலையாத்தி இலை ஒன்றைக் கையில் எடுத்தால் இது தெளிவாகும். வெண்கண்டல் என்று நாம் சொல்லும் அவிசீனியா மரினா, உறிஞ்சிய உப்பை இலையின் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளும். வெயில் ஏறியதும் இலையின் மேல் உப்புப் பொடி மின்னும், நாவில் வைத்தால் கரிக்கும். சாம்பல் பறக்கும் இடத்தில் அந்த உப்பின் ஈரத்தில் தூசும் ஒட்டிக்கொள்ளும். பச்சை இலை வெளிறிப்போகும். விரலால் துடைத்தால் கீழே பச்சை தெரியும், விரல் நுனி சாம்பலாகும். இந்த இலையின் மேல் பகலைக் கழிக்கும் பூச்சிக்குக் கருப்பு எப்படிப் பாதுகாப்பாகும்? மறைய வேண்டுமானால் அது இன்னும் வெளிற வேண்டும்.

ஆகவே ஒரே வடசென்னைக்குள் இரண்டு எதிர்க் கணிப்புகள் எழுகின்றன. கரி படியும் எண்ணூர்த் துறைமுக ஓரத்தில் கருத்தவற்றுக்குச் சாதகம். சாம்பல் படியும் செப்பாக்கத்தில் வெளிறியவற்றுக்குச் சாதகம். வெயிலின் இழுப்பையும் சேர்த்துப் பார்த்தால் நிலைமை மேலும் கூர்மையாகிறது. செப்பாக்கத்தில் சாம்பலும் வெயிலும் ஒரே பக்கம் இழுப்பதால், வெளிறிய பூச்சி மிகுந்திருந்தாலும் அது மாசின் விளைவு என்று அடித்துச் சொல்ல முடியாது. துறைமுகத்தில் கரியும் வெயிலும் எதிரெதிர். அங்கே கருத்தவை மிகுந்திருந்தால் வெயிலை மீறி ஏதோ ஒன்று தள்ளியிருக்கிறது என்று பொருள். சான்றுக்கு உகந்த களம் மாசு மிகுந்த செப்பாக்கம் அன்று, கரி படியும் துறைமுக ஓரமே. இந்த முடிவு எனக்கே எதிர்பாராததாக இருந்தது. ஆனால் தருக்கம் அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது.

லைக்கனையும் கவனிக்க வேண்டும். மசாலாவில் சேர்க்கும் கல்பாசியும் லைக்கன்தான். மலைக்காட்டு மரங்களில் கொத்தாக வளர்வது. கந்தக டைஆக்சைடு பட்டால் லைக்கன்கள் முதலில் சாகும். இங்கிலாந்தில் வெளிறிய பின்னணி போனது பாதி கரியாலும் பாதி லைக்கன் செத்ததாலும். எண்ணூரின் உப்புக்காற்றில் நிற்கும் சீமைக்கருவேலத்திலும் அலையாத்தியிலும் அப்படிப்பட்ட லைக்கன் போர்வையைப் பார்க்க முடியாது. இழப்பதற்கு அந்தப் பின்னணியே இல்லாத இடத்தில் கதையின் பாதி முதலிலேயே விழுந்துவிடுகிறது.

சரி, எந்தப் பூச்சி? பிஸ்டன் பெட்டுலேரியா இங்கே கிடையாது. அதன் நெருங்கிய உறவான பிஸ்டன் சப்ரெசேரியா அசாம், வங்கத் தேயிலைத் தோட்டங்களின் பழைய எதிரி. அண்மைக் காலத்தில் அதன் இடத்தை அதே குடும்பத்து ஹைபோசிட்ரா டாலாக்கா பல தோட்டங்களில் பிடித்திருக்கிறது. பல செடிகளைத் தின்னும், ஆண்டுக்குப் பல தலைமுறை காணும், நிறத்தில் ஒன்றுக்கொன்று வேறுபடும். தமிழ்நாட்டுக் கருவேல மரங்களின் இலையைத் தின்னும் இஸ்டுர்ஜியா டிஸ்புடேரியாவை, தங்கள் மேய்ச்சல் நிலத்தில் பரவிய கருவேலத்தைக் கட்டுப்படுத்த உதவுமா என்று ஆஸ்திரேலியர்கள் கோவை வன மரபியல் நிறுவனத்தோடு சேர்ந்து ஆராய்ந்ததுண்டு. அலையாத்தியை உண்ணும் கிளியோரா இன்ஜெக்டேரியா தாய்லாந்தில் கண்டல் காட்டையே மொட்டையடித்திருக்கிறது. மும்பையில் ஆண்டுதோறும் அலையாத்தியை மொட்டையடிப்பது வேறு குடும்பத்துப் பூச்சியான ஹைப்லியா பியூரா. இவை இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

இரையாக்குவது யார் என்பதும் முக்கியம். தெருவிளக்கடியில் பூச்சியைப் பிடிக்கும் பல்லிக்கும், ஒலியால் தேடும் வௌவாலுக்கும் பூச்சியின் நிறம் ஒரு பொருட்டன்று. நிறத்தைத் தேர்வது பகலில் கண்ணால் தேடும் கரிச்சானும் மைனாவும் தையல்சிட்டும்தான். அவை மேயாத மதிலில் எத்தனை கரி படிந்தாலும் தேர்வு நடக்காது.

7. உலோகம் என்னும் சறுக்கல்

சாம்பலில் கன உலோகங்கள் இருப்பதால் அவை இலை வழியாகப் புழுவின் உடலுக்குள் போய் நிறத்தை மாற்றிவிடும் என்று நினைக்கத் தோன்றும். இந்த எண்ணத்துக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1920களில் நியூகாசிலின் ஹெஸ்லப் ஹாரிசன், ஈய, மாங்கனீசு உப்புகள் கலந்த இலையை ஜியோமெட்ரிடே குடும்பத்துப் புழுக்களுக்கு ஊட்டினார். அவற்றின் வழித்தோன்றல்களில் கருத்தவை பிறந்தன, அக்கருமை பரம்பரையாகவும் வந்தது என்று அறிவித்தார். பிறர் திரும்பச் செய்தபோது அது கிடைக்கவில்லை. ஆர்.ஏ. ஃபிஷர் அந்த முடிவுகளைக் கடுமையாக மறுத்தார். எண்ணூரில் கருத்த பூச்சி ஒன்று கிடைத்தவுடன் சாம்பலின் உலோகத்தைக் காட்டி அறிக்கை எழுதுவது நூறாண்டுக்கு முன் விழுந்த குழியில் மறுபடி விழுவதாகும். மாசுக்கு எதிராகப் போராடும் மக்களுக்கு அப்படிப்பட்ட சான்று உதவாது; எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே கேள்வியில் அதைக் கவிழ்த்துவிடுவார்.

மற்றொரு சறுக்கலும் இருக்கிறது. வெப்பநாடுகளில் பல பூச்சிகள் மழைக்காலத்தில் ஒரு நிறமும் வறட்சிக் காலத்தில் ஒரு நிறமுமாகப் பிறக்கும். அந்தியில் பறக்கும் மெலனைட்டிஸ் லீடா என்ற பட்டாம்பூச்சியை எடுத்தால், மழைக்கால வடிவமும் வறட்சிக்கால வடிவமும் வேறு வேறு இனம் என்றே தோன்றும். பிஸ்டன் பெட்டுலேரியாவின் புழுகூடத் தான் அமரும் குச்சியின் நிறத்தைத் தோலாலேயே உணர்ந்து அதற்கேற்ப மாறும் என்று 2019இல் ஓர் ஆய்வு காட்டியது. வடகிழக்குப் பருவமழை இலைகளைக் கழுவிவிடும். மாசி முதல் ஆனி வரை தூசு ஏறும். பின்னணியே பருவத்துக்குப் பருவம் மாறும் ஊரில், ஐப்பசியில் பிடித்ததைச் சித்திரையில் பிடித்ததோடு ஒப்பிட்டால் எந்த முடிவும் நிற்காது.

8. என்ன கிடைத்தால் நம்பலாம்

ஒப்பீட்டுக்குப் பழைய நூல்கள் உதவுமா என்று பார்க்கலாம். தரங்கம்பாடியில் 1768இல் வந்திறங்கிய லின்னேயசின் மாணவர் யோஹான் கேனிக் அனுப்பிய பூச்சிகள் ஃபப்ரீசியசின் நூல்களில் ஏறின. நீலகிரியில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஹாம்ப்சன் 1890களில் பிரிட்டிஷ் இந்தியாவின் அந்துப்பூச்சிகளைத் தொகுத்தார். இக்குடும்பம் 1895இல் வந்த மூன்றாம் தொகுதியில் இருக்கிறது. பெயின்பிரிட்ஜ் ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் 1914இல் சென்னையிலேயே அச்சானது. இனத்தை அறிய இவை இன்றும் முதல் துணை. ஆனால் ஹாம்ப்சன் வாழிடம் சொல்லும் முறை நீலகிரி, சிக்கிம், இலங்கை என்ற அளவில்தான். எந்த ஆண்டு, எந்தத் தெரு, நூற்றுக்கு எத்தனை கருத்தவை என்பன அவருடைய கேள்விகள் அல்ல. இனப்பட்டியலிலிருந்து விகிதக் கணக்கைப் பெற முடியாது.

புதிதாகத் தொடங்கினால் ராயபுரம், எண்ணூர்த் துறைமுக ஓரம், செப்பாக்கம் ஆகிய மூன்று இடங்களோடு, கரியும் சாம்பலும் எட்டாத, ஆனால் அதே உப்புக்காற்றும் அதே அலையாத்தியும் உள்ள பழவேற்காட்டை நான்காவதாகச் சேர்க்க வேண்டும். பழவேற்காடு இல்லாவிட்டால் வெயிலின் பங்கைக் கழித்துப் பார்க்க வழியில்லை. ஒரே வகை விளக்கு, ஒரே வெள்ளைத் துணி, அமாவாசையை ஒட்டிய இரவுகள். ஒவ்வொரு பூச்சிக்கும் நிற அளவு அட்டையோடு ஒரு படம். ஒரு கால் மட்டும் மதுசாரத்தில். கருமை பரம்பரையானதா, வளர்ந்த சூழலால் வந்ததா என்பதை மரபணு இல்லாமல் தீர்க்க முடியாது. முட்டையிட வைத்து, சுத்தமான இலையில் வளர்த்தும் பார்க்க வேண்டும். ஹாரிசனின் பிழையிலிருந்து தப்ப அது ஒன்றே வழி.

இது முன்னே போகும் கணக்கு. பின்னே போகவும் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2011இல் ராயபுரத்தின் கரி குறைந்ததும், 2017இல் எண்ணூரின் பழைய நிலையம் நின்றதும் பிரிட்டனின் 1956க்கு ஒப்பான திருப்பங்கள். அவற்றுக்கு முந்திய பூச்சிகள் கிடைத்தால் கிளார்க்கின் கணக்கைப் போன்ற ஓர் இறக்கம் இங்கே நடந்ததா என்று கேட்கலாம். விலங்கியல், வேளாண் மாணவர்கள் பட்டப்படிப்பில் பூச்சிப் பெட்டி செய்து ஒப்படைப்பது பல தலைமுறையாக நடந்துவரும் வழக்கம். வடசென்னையில் வளர்ந்த மாணவர்கள் தங்கள் தெருவிளக்கடியில்தான் பிடித்திருப்பார்கள். அந்தப் பெட்டிகளில் அந்துருண்டை மணத்தோடு எஞ்சியிருக்கும் ஒவ்வொரு பூச்சியின் ஊசியிலும் ஒரு சிறு சீட்டு இருக்கும். அதில் இடமும் நாளும் எழுதப்பட்டிருந்தால், அந்தப் பூச்சியை இந்த ஆய்வின் முதல் வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம். கல்லூரி விலங்கியல் துறைகள் பழைய பெட்டிகளைக் கழிக்கும் முன் அந்தச் சீட்டுகளைப் படியெடுத்து, பூச்சிகளை அளவு அட்டையோடு படம் பிடித்து வைப்பது ஓரிரு மாதங்களில் முடிந்துவிடும் வேலை.